பணம் வீடு திரும்பும் நாள்

வியாபாரி ஒருவரைக் கண்டால் நாம் முதலில் கேட்பது, "லாபம் எப்படி?" என்பதுதான். அவரும் முகம் மலர்ந்து, "ஏதோ, பெரியவர்கள் புண்ணியத்தில் நடக்கிறது" என்பார். நாமும் சந்தோஷமாக வீடு திரும்புவோம். ஆனால் அதே மனிதர் சனிக்கிழமைக் கூலிக்காகப் பக்கத்துக் கடையில் கைமாற்றுக் கேட்டு நிற்பதைப் பார்க்கும்போது நமக்குத் திகைப்பு உண்டாகிறது. லாபம் வருகிறவர் கைமாற்றுக்கு ஏன் அலைய வேண்டும்? அவர் பொய் சொன்னாரா? இல்லை. லாபம் வந்தது வாஸ்தவந்தான். அது ஏட்டில் வந்தது. பெட்டிக்கு வந்து சேரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி படிப்பாளிகளுக்கு மட்டும் ஏற்பட்டதன்று; கணக்குப்பிள்ளைகளுக்கும் ஏற்பட்டதே.

ஆகையால், "லாபம் எவ்வளவு?" என்பதோடு இன்னொரு கேள்வியையும் நேயர்கள் கேட்கப் பழக வேண்டும். "கையை விட்டுப் போன ரூபாய் எத்தனை நாளில் வீடு திரும்புகிறது?" என்பதே அந்தக் கேள்வி. இதற்குக் கணக்கியல் வல்லுநர்கள் பணச் சுழற்சிக் காலம் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். 1980-ஆம் ஆண்டில் ரிச்சர்ட்ஸ், லாஃப்லின் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த அளவுகோல் பிரசித்தி அடைந்தது. பெயர்தான் புதிது. விஷயமோ, சிவகங்கைச் சீமையில் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வட்டிக்கடைப் பெட்டியின் முன் உட்கார்ந்து தொழில் பழகிய ஒவ்வொரு பையனும் அறிந்ததுதான். அந்தச் சீமையின் கதைக்குப் பின்னால் வருகிறேன். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

மூன்று நாட்கள்

காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள ஆத்தங்குடியில் தரைக்குப் பாவும் பூக்கற்கள் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, பூவேலைக்கு ஏற்றபடி வர்ணச் சாந்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்தி எடுப்பது வழக்கம். சூளை கிடையாது, மனிதர் கையும் தண்ணீரும் வெயிலுந்தான் அங்கே யந்திரங்கள். அப்படிப்பட்ட பட்டறை ஒன்றை மனத்தில் கற்பித்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்காக நாமாக வைத்துக்கொண்டவை.

பட்டறை வருஷத்துக்கு 73 லட்ச ரூபாய்க்குக் கல் விற்கிறது. அதாவது நாள் ஒன்றுக்கு 20,000 ரூபாய். விற்ற கல்லின் அடக்க விலை 54 லட்சத்து 75 ஆயிரம். நாள் ஒன்றுக்கு 15,000. வாடகை, வட்டி, வண்டிச் சத்தம் எல்லாம் போக முதலாளிக்கு வருஷ முடிவில் 6 லட்சம் நிற்கிறது.

முதலாவது, சரக்கு நாள். சிமெண்டு மூட்டை, வர்ணப் பொடி, தொட்டியில் ஊறும் கல், வெயிலில் காயும் கல், விற்பனைக்கு அடுக்கிய கல் ஆகிய யாவும் சேர்ந்து சராசரியாக 6 லட்ச ரூபாய் பெறும். இதை ஒரு நாளைய அடக்க விலையாகிய 15,000-ஆல் வகுத்தால் 40 வருகிறது. ஆகவே சரக்கின் உருவத்தில் பணம் தங்கியிருப்பது 40 நாள்.

இரண்டாவது, பாக்கி நாள். கல்லை வாங்கிக்கொண்டு போன கட்டடக் கம்பெனிகளிடமிருந்து வரவேண்டியது 12 லட்சம். ஒரு நாளைய விற்பனை 20,000; ஆகவே 60 நாள்.

மூன்றாவது, கடன் நாள். சிமெண்டு வியாபாரி முதலானவர்களுக்குப் பட்டறை கொடுக்க வேண்டியது 3 லட்சம். இதையும் 15,000-ஆல் வகுக்க, 20 நாள். இது பிறர் பணம் நம் கையில் தங்கும் காலம். எனவே இதைக் கழிக்க வேண்டும்.

40-ஐயும் 60-ஐயும் கூட்டி 20-ஐக் கழித்தால் 80. சிமெண்டுக்காக முதலாளி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த ரூபாய் தண்ணீரில் நனைந்து, வெயிலில் காய்ந்து, லாரி ஏறிச் சென்னைக்குப் போய், அங்கே ஒரு கம்பெனிக் காரியாலயத்தில் "அடுத்த வாரம் வாருங்கள்" என்னும் வார்த்தையைப் பல தடவை கேட்டுவிட்டு, மறுபடி பெட்டிக்குள் வந்து விழுவதற்கு 80 நாள் ஆகிறது.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சரக்கில் 6 லட்சம், பாக்கியில் 12 லட்சம், பிறர் கொடுத்த கடன் 3 லட்சம் போக மீதி 15 லட்ச ரூபாய் எப்பொழுதும் நடைமுறை மூலதனமாக வெளியே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். இதை நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் வருஷ வட்டி 1 லட்சத்து 80 ஆயிரம். கட்டடக் கம்பெனிகள் 60 நாளுக்குப் பதிலாக 30 நாளில் பணம் கொடுத்துவிட்டால் 6 லட்சம் விடுபடும். வட்டியில் 72,000 மிச்சமாகும். ஒரு கல் கூட அதிகமாக விற்காமலே முதலாளியின் லாபம் 6 லட்சத்திலிருந்து 6 லட்சத்து 72 ஆயிரமாக உயரும்.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. பட்டறைக்கு நல்ல பெயர் வந்து வியாபாரம் ஒன்றரை மடங்கு ஆயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழற்சி அதே 80 நாளாக இருந்தால், சுற்ற வேண்டிய மூலதனம் 15 லட்சத்திலிருந்து 22 லட்சத்து 50 ஆயிரம் ஆகிவிடும். அதிகப்படி 7 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எங்கே போவது? முந்தின வருஷ லாபம் முழுவதையும், வீட்டுச் செலவுக்கு ஒரு காசு எடுக்காமல் போட்டாலும் போதாது. ஆர்டர் குவியக் குவியப் பெட்டி காலியாகிறது. லாபத்தில் நடந்த பட்டறை பணமில்லாமல் கதவை மூடுவதும், ஊரார் "கண் பட்டுவிட்டது" என்று சொல்வதும் பெரும்பாலும் இந்த ரகசியத்தினால்தான்.

இந்தக் கணக்கைப் போடும்போது இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். வருஷக் கடைசித் தேதியில் உள்ள இருப்பை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தேதிக்காக வீட்டை வெள்ளையடித்து வைப்பவர்கள் உண்டு. பருவத்துக்குப் பருவம் மாறும் தொழில்களில் ஒரு நாள் கணக்கு ஊமைக் கணக்காகவும் போய்விடும். மாதாமாதக் கடைசி இருப்புக்களைக் கூட்டிச் சராசரி காண்பதே நியாயம். இரண்டாவதாக, ஒரு தொழிலை வேறொரு தொழிலோடு ஒப்பிடலாகாது. காய்கறிக் கடையின் சரக்கு நாள் இரண்டு. நகைக் கடைக்கு அது பல மாதமாகலாம். அதனால் நகைக் கடைக்காரர் அசடர் ஆகிவிடமாட்டார். அந்தந்தத் தொழிலில் உள்ளவர்களோடும், நம்முடைய சென்ற வருஷத்தோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதே பயன் தரும்.

ஐராவதிக் கரையில்

இந்த நாள் கணக்கின் வலிமையை மெய்யாகவே காட்டியவர்களும் செட்டிநாட்டார்தாம். அதன் கொடுமையை அநுபவித்தவர்களும் அவர்களே.

1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐராவதி நதியின் முகத்துவாரத்திலிருந்த சதுப்புக் காடுகள் நாளடைவில் உலகத்துக்கே அரிசி அனுப்பும் வயல்களாக மாறின. காட்டை வெட்டி வயலாக்கும் பர்மியக் குடியானவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பிய பாங்கிகள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் பார்த்தார்கள். 1930-ஆம் ஆண்டை ஒட்டிப் பர்மாவில் அவர்களுடைய கடைகள் சுமார் 1,650 இருந்தன. 1929-30-ல் விசாரணை நடத்திய பர்மா மாகாண பாங்கி விசாரணைக் கமிட்டி, அவர்கள் அங்கே ஈடுபடுத்தியிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும், அதில் சுமார் 53½ கோடி அவர்களுடைய சொந்த முதற்பணம் என்றும் மதிப்பிட்டது. மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குடியானவர்களுக்குக் கொடுத்த கடன்.

வட்டிக்கடைக்குப் பணந்தான் சரக்கு. அது பெட்டியில் உறங்கும் நாள் சரக்கு நாள். குடியானவன் கையில் இருக்கும் நாள் பாக்கி நாள். பிறர் போட்டு வைத்த மேற்பணம் கடையில் தங்கும் நாள் கடன் நாள். மழை தொடங்கி நாற்று நடும்போது கொடுத்த பணம், அறுவடையாகி நெல் ஆலைக்குப் போன பிறகே திரும்பும். ஆனியில் போனது மாசியில் வந்தால் எட்டு மாதம். கடையில் போட்டிருந்த தவணைப் பணமோ இரண்டு மாதம், மூன்று மாதத்தில் முதிர்ந்துவிடும். இந்த இடைவெளியை எப்படி நிரப்புவது?

அதிலேதான் அவர்களுடைய சாமர்த்தியம் இருந்தது. முதலாவது, சொந்த முதல் பெரிது. ஆகையால் பிறர் பணத்துக்காக நடுங்க வேண்டியதில்லை. இரண்டாவது, ரங்கூனில் கோயிலில் கூடி மாதந்தோறும் நடப்பு வட்டியை நிர்ணயம் செய்தார்கள். அதனால் தவணைப் பணம் மறு தவணைக்கு நிற்பது எளிதாயிற்று. மூன்றாவது, ஓரிடத்தில் பணம் உறங்கினால் உண்டியல் எழுதி மற்றோர் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சென்னை என்று எங்கும் தம்மவர் கடை இருந்ததால் ஒரு துண்டுக் காகிதமே கடல் தாண்டிப் பணத்தை நகர்த்திற்று. கடையை நடத்தும் ஏஜெண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஊர் திரும்பிக் கணக்கை ஒப்புவிப்பார். பணத்தை உறங்க விடக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் முதற்பாடம்.

1930-ல் உலகம் எங்கும் மந்தம் பரவியது. ரங்கூனில் நெல் விலை பாதிக்கு இறங்கிற்று. நூறு கூடை விற்று அடைக்க வேண்டிய கடனுக்கு இருநூறு கூடை வேண்டியிருந்தது. குடியானவனிடம் இருந்ததோ நூறே கூடை. அந்த வருஷம் டிசம்பரில் தாராவதி ஜில்லாவில் சாயா சான் என்பவர் தலைமையில் கலகம் மூண்டது. மாசியில் திரும்ப வேண்டிய பணம் அடுத்த மாசிக்கு ஒத்திப்போடப்பட்டது. அடுத்த மாசியிலும் நெல்லுக்கு விலை இல்லை. வேறு வழியின்றி, ஈடாக எழுதிய நிலங்கள் கடனுக்குப் பதிலாகக் கைமாறத் தொடங்கின. கீழ் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் 1930-ல் செட்டிமார் வசமிருந்த நிலம் 5 லட்சத்து 70 ஆயிரம் ஏக்கர். நூற்றுக்கு ஆறு பங்கு. 1938-ல் அது 24 லட்சத்து 68 ஆயிரம் ஏக்கராயிற்று. நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு.

இந்தப் புள்ளிகளை மட்டும் படித்தால், "அடேயப்பா, எவ்வளவு பெரிய சொத்து!" என்று தோன்றும். கடனுக்கு ஈடாக வந்த நிலத்தைக் கடன் தொகைக்கே கணக்கில் ஏற்றினால் ஐந்தொகையில் ஒரு ரூபாய் கூடக் குறையாது. ஆனால் நாள் கணக்கைப் போட்டால் உண்மை விளங்கும். எட்டு மாதத்தில் திரும்பிக்கொண்டிருந்த பணம் இரண்டு வருஷம், நான்கு வருஷம் என்று நீண்டு, கடைசியில் திரும்பாத பணமாகவே ஆகிவிட்டது. நிலத்தை விற்கலாம் என்றாலோ வாங்குவார் இல்லை. சுற்றி வந்த 75 கோடியில் பெரும்பகுதி வயற்சேற்றில் இறங்கி உறைந்து போயிற்று. நகரத்தார் விரும்பியது நிலமன்று. அவர்களுக்கு வேண்டியது அடுத்த ஆனிக்குப் பணம். அது கிடைக்கவில்லை.

இதில் இரண்டு பக்கமும் கண்ணீர் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. கடன் கொடுத்தவனுடைய பணம் நின்றது. வாங்கியவனுடைய பரம்பரை நிலம் போயிற்று. தன் வயலிலேயே குத்தகைக்காரனாகக் குனிந்து நடவு நட்ட பர்மியனுக்குச் செட்டியாரின் ஐந்தொகையைப் பற்றி இரக்கம் உண்டாகவில்லை. உண்டாகும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. 1942-ல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்தபோது கடைகள் அடைபட்டன. 1948-ல் சுதந்தர பர்மாவின் சர்க்கார் நிலங்களைத் தேசிய உடைமையாக்கச் சட்டம் இயற்றியது. ஏட்டில் கோடிகள் இருந்தும் கைக்கு வராமல் போன குடும்பங்கள் செட்டிநாட்டில் எத்தனையோ.

நாள் கணக்குப் போட்டிருந்தால் உலக மந்தத்தைத் தடுத்திருக்க முடியுமா? முடியாதுதான். ஆனால், ஒரே தேசத்தில், ஒரே பயிரை நம்பி, ஒரே மாதத்தில் திரும்ப வேண்டிய பணமாக எல்லாவற்றையும் வைத்திருப்பதன் அபாயத்தை லாபக் கணக்கு காட்டாது. நாள் கணக்கு காட்டும். லாபக் கணக்கில் வட்டி ஏற ஏற வரவு பெருகிக்கொண்டே இருக்கும். நாள் கணக்கில் அதே வட்டி பாக்கியாக நின்று மணி அடிக்கும். 1937 பிப்ரவரியில் எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கியைத் தொடங்கி, காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே சமயத்தில் வேலையை ஆரம்பித்தார். பல ஊர்களில் பலரிடம் டிபாஸிட் வாங்கி, அன்னிய நாணய மாற்று வியாபாரத்தையும் நடத்தும் புது வழி அது. பழைய வட்டிக்கடையின் உலகத்திலிருந்தே புதிய பாங்கி ஒன்று முளைத்தது.

யாருடைய நாள்?

இப்பொழுது மூன்றாவது நாளுக்கு வருவோம். கடன் நாள் என்று சொன்னோமே, அதற்கு. அது நீள நீளச் சுழற்சி குறையும். ஆகவே பெரிய கம்பெனிகளின் நிர்வாகிகளுக்கு அதன்மேல் ஆசை அதிகம். அமெரிக்காவில் டெல் என்னும் கணினிக் கம்பெனி 1990-களில் இந்த வித்தையில் பெயர் பெற்றது. வாங்குகிறவரிடம் முதலிலேயே பணம். ஆர்டர் வந்த பிறகே பொருள் சேர்ப்பு. பாகங்களை விற்றவர்களுக்குப் பணம் பிந்தி. அதனால் சுழற்சிக் காலம் பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று. அதாவது, பிறர் பணத்திலேயே வியாபாரம் நடந்தது. சரக்கைத் தேங்கவிடாமல் சாதித்த அளவுக்கு அது மெச்சத்தக்கதே.

ஆனால் ஒருவருடைய கடன் நாள் இன்னொருவருடைய பாக்கி நாள் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் உதாரணப் பட்டறைக்குக் கட்டடக் கம்பெனி 60 நாள் பணம் கொடுக்காதபோது, அந்தக் கம்பெனியின் அறிக்கையில் நிர்வாகத் திறமை உயர்ந்ததாகத் தெரியும். பங்குதாரர்கள் கை தட்டுவார்கள். பட்டறையில் சனிக்கிழமைக் கூலி தாமதப்படும். சரக்கைக் குறைத்து நாளை மிச்சப்படுத்துவது திறமை. சொன்ன தேதியில் வசூல் செய்வதும் திறமை. எளியவன் பில்லை மேஜை இழுப்பறையில் போட்டு வைப்பதற்குத் திறமை என்ற பெயர் பொருந்தாது.

நம் தேசத்தின் சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின்படி, பதிவு செய்துகொண்ட குறுந்தொழிலுக்கும் சிறுதொழிலுக்கும் சரக்கு வாங்கியவர் ஒப்பந்தத் தேதியில் பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தவணை 45 நாளுக்கு மேற்படக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் பாங்கியின் பாங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கொடுக்க வேண்டும். பல வருஷம் இந்தச் சட்டம் ஏட்டில் இருந்ததே தவிர, பெரிய கம்பெனியின் மேல் வழக்குப் போட்டு அடுத்த ஆர்டரை இழக்க எந்தப் பட்டறைக்காரர் துணிவார்? ஆகவே 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வேறொரு சாட்டையை எடுத்தது. தவணை தாண்டியும் கொடுபடாத தொகையை, அது உண்மையில் கொடுபடும் வரையில், வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று விதித்தது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இந்த விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அமலுக்கு வந்தது. தர்ம நியாயத்துக்குத் திறக்காத இழுப்பறை வரிக்குத் திறக்கும் போலும்!

பாக்கியைக் காத்திருக்காமல் பணமாக்கும் ஏற்பாடும் உண்டு. ரிசர்வ் பாங்கி 2014-ல் வழிமுறைகளை வெளியிட்டதன்பேரில் ஏற்பட்ட டிரெட்ஸ் என்னும் சந்தையில், வாங்கியவர் ஒப்புக்கொண்ட பில்லைப் பாங்கிகள் ஏலம் கேட்டு, கழிவு போகப் பணத்தை உடனே கொடுத்துவிடுகின்றன. மின்சாரக் கம்பியில் ஓடினாலும், அடிப்படையில் இது செட்டிநாட்டு உண்டியலின் பேரப்பிள்ளைதான்.

நேயர்கள் செய்யக்கூடியது என்ன? கடை வைத்திருப்பவர்கள் பில் ஒவ்வொன்றிலும் மூன்று தேதிகளைக் குறித்து வாருங்கள்: சரக்கு வந்த தேதி, பில் போட்ட தேதி, பணம் கைக்கு வந்த தேதி. வாங்கின சரக்குக்குப் பணம் கொடுத்த தேதியையும் பேரேட்டில் எழுதுங்கள். மாதம் ஒரு முறை கூட்டிக் கழித்தால் உங்கள் பணம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். கம்பெனிப் பங்கு வாங்கும் குடும்பத்தார், வருஷ அறிக்கையில் லாபத்தைப் பார்த்த கண்ணோடு, சரக்கிருப்பு, வரவேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி என்ற மூன்று வரிகளையும் பாருங்கள். நான்கைந்து வருஷ அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துக் கணக்கிடுங்கள். லாபம் ஏறிக்கொண்டும் நாட்களும் நீண்டுகொண்டும் போகுமானால், அங்கே பணம் போடுமுன் இரண்டு முறை யோசியுங்கள். கொடுக்க வேண்டிய பாக்கி மட்டும் வீங்கிக்கொண்டு போனால், அந்தக் கம்பெனிக்குச் சரக்குக் கொடுக்கும் சின்னப் பட்டறைகளை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

நீங்களே யாருக்காவது பணம் கொடுக்க வேண்டியிருந்தால், தச்சருக்கோ தையற்காரருக்கோ பால்காரிக்கோ, இன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அவர்களுடைய சுழற்சிக் காலத்தில் ஒரு வாரம் குறையும்.